ஏரியின் மறுகரை

அண்ணா,

ஏரியின் வரலாற்றை எழுத நான் தேடி எடுத்த பழைய வரைபடத்தின் ஒரு பகுதியை மட்டும், என்னைக் கேட்காமலே அதிகாரிகளிடம் கொடுத்திருக்கிறீர்கள். ஆக்கிரமிப்பு என்று கரையோரக் குடிசைகளை இடித்துவிட்டார்கள்.

நாரைகள் கூடு கட்டிய இடங்களை எனக்கு நடந்தே காட்டிய கன்னியம்மாவை இன்று, குடிசை இழந்தவர்களுக்கு அரசு மாற்று வீடு கொடுத்த பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் பார்த்தேன்.

"உன்னை நம்பித்தானேம்மா எல்லாத்தையும் காட்னேன்! எங்க வூட்டை இடிக்கவா வந்துகினு இருந்தே?"



நீங்கள் கட்டி விற்ற அடுக்குமாடியும் அதே வரைபடத்தில் ஏரிக்குள்தான் வருகிறது. அதை யாரும் தொடவில்லை. குடிசைகள் போனால் உங்கள் பால்கனிகளுக்கு ஏரி நன்றாகத் தெரியும், அவ்வளவுதானே? வெட்கமாக இல்லையா?

முழு வரைபடத்தையும் நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டேன். அம்மாவும் அந்த அடுக்குமாடியில்தான் குடியிருக்கிறாள் என்று தெரிந்தேதான் கொடுத்தேன். அவளிடம் நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் தங்கை