குப்பம்மா வாசலில் வெல்லக் காபி

பாட்டென்றால் சோற்றையே மறக்கும் என் அண்ணனுக்கு,

உன் பாட்டுக்கூடம் நடக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அங்கேயும் தூங்கமாட்டாய். சித்தூரில் நம் பழைய வெல்லக் கிடங்கேதான். அறுபது பேர் உட்கார்ந்தால் அடுத்த ஆள் வாசற்படியில். எத்தனை முறை கழுவினாலும் எறும்பு போகவில்லை. மேடை ஏறி மிருதங்கக்காரரைக் கடிக்கிறது.

நீ வைத்த 'சாவடி குப்பம்மா' என்ற பெயரையும் மாற்றவில்லை. "சாவடி குப்பம்மான்னா எவன் வருவான்? ஸ்டைலா ஒரு பேரு வைம்மா" என்று பலகை எழுதியவர்கூடச் சொன்னார். எனக்கு வந்ததே கோபம்! பாளையக்காரர் காலத்தில் குடிபாலா சாவடியில் சிவப்புத் தலைப்பாகை கட்டிச் சுங்கம் வாங்கியவள். வண்டிக்காரன் ஒரு அடி பாடுவான், அடுத்த அடியை அவள் பாடவேண்டும். முடியாவிட்டால் சுங்கமில்லாமல் வண்டியை விட்டுவிடுவாள். நீ சொன்ன கதைதானே? அவளை விடவா ஸ்டைல்?

அந்த வழக்கத்தை நம் வாசலிலும் வைத்தாயே, அதுதான் என் தலையில் வந்து விடிந்தது. வருகிறவர் பாடும் அடிக்கு வாசலில் இருப்பவர் அடுத்த அடி பாடவேண்டும். தெரியாவிட்டால் வந்தவருக்கு வெல்லக் காபி இலவசம். அந்த நாற்காலியில் உட்காரவேண்டியவன் நீ. திறப்பதற்கு முந்தின வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். உனக்கு ஆயிரம் பாட்டு தெரியும். எனக்கு? பாகாலாவிலிருந்து வருகிறவர் தெலுங்கில் எடுத்தாலே போச்சு. "இன்னிக்கும் தோத்துட்டியாம்மா? ஊத்து காபிய" என்கிறார். ஊற்றுகிறேன்.

ஆனால் அண்ணி மட்டும் வரவே இல்லை. ஒரு வருஷமாகக் கூப்பிட்டேன். "அவரு இல்லாத எடத்துல எனக்கு இன்னா வேல? சும்மா கூப்டுக்கினே இருக்காத, வள்ளி" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணியே வராத கூடம் யாருக்கு? இந்த மாதத்தோடு மூடிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலில், வந்து நின்றார். "உள்ள போங்க அண்ணி, உங்களுக்குப் பாட்டெல்லாம் வேணாம்" என்றேன்.

"ஏன், நான் மட்டும் இன்னா ஒசத்தியா?" என்று முறைத்தார். பிறகு மெதுவாக எடுத்தார்: "மாங்கா வண்டி போவுது மாமா..."

முகம் மழிக்கும்போது அண்ணி குரலிலேயே பாடி அவரைச் சீண்டுவாயே, நீ இட்டுக்கட்டிய அதே பாட்டு. கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவாரே! நம் வீட்டைத் தவிர யாருக்குத் தெரியும் அது?

"மல்லாட்டை துன்னுக்கினே ஏறுவோமா!" என்று தாளம் தப்பிக் கத்தினேன். அண்ணி சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். நானும்தான்.

"அடிப்பாவி, ஜெயிச்சிட்ட! அப்ப எனக்குக் காபி கெடையாதா?"

"கெடையாது. சட்டம்னா சட்டம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளேயிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து என் பக்கத்தில் போட்டார். "கொஞ்சம் நவுரு. அவரு பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம்."

மூட நினைத்ததை மன்னித்துவிடு, அண்ணா. இனி மூடமாட்டேன். அண்ணி அங்கே உட்கார்ந்திருக்கும் வரைக்கும் பக்கத்தில் நான் இருப்பேன்.

இரண்டாவது அடியை மட்டும் தெரிந்துவைத்திருக்கும்
உன் தங்கை,
வள்ளி