ஜப்பானுக்குக் கேட்டது, ஹட்டனுக்குக் கேட்கவில்லை

என் செல்லத் தம்பி யோகாவுக்கு,

இதை நீ படிக்கப்போவதில்லை என்று தெரியும். வேறு யார் யாரோ படிப்பார்கள் என்றும் தெரியும். நம் வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொன்னால் உனக்குப் பிடிக்காது, இருந்தாலும் பொறுத்துக்கொள். உன்னைப் பற்றி அம்மாவோடு பேச முடியவில்லை. அம்மாவைப் பற்றிப் பேச நீ இல்லை.

அம்மா இப்போது என்னோடு ஹட்டனில்தான் இருக்கிறார். ஃபாரூக் நானாவின் போன் கடைக்கு மேலே, நான் வாடகைக்கு இருக்கும் அந்த ஒற்றை அறையில். நான் கடையில் வேலை முடித்துப் படியேறி வரும்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். தேத்தண்ணி ஊற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுவார்.

“புள்ள, இன்னைக்கு அதுல அடிச்சுப் பாத்தியா?”

‘அது’ என்று அவர் சொல்வது கிளஸ்டரை. யாராவது கேட்டால் நீயே ஆசை ஆசையாக விளக்குவாய், இப்போது நான் விளக்க வேண்டியிருக்கிறது. ஹாம் ரேடியோ வைத்திருப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் எழுத்தும் இலக்கமும் சேர்ந்த ஒரு அழைப்புக்குறி உண்டு. தூர தேசத்து ஆள் ஒருவரின் சத்தம் காதில் விழுந்தால், கேட்டவர் அந்தக் குறியையும் அலைவரிசையையும் ஒரு வரியாகத் தட்டி இணையத்தில் போடுவார். அடுத்த நொடியே அந்த வரி உலகம் முழுக்கத் தெரியும். அந்த வலைதான் கிளஸ்டர்.

அதில் படம் கிடையாது, அழுத்துவதற்குப் பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும். ‘ஷோ டிஎக்ஸ்’ என்று அடித்து ஒருவருடைய குறியைக் கொடுத்தால், அவரைக் கடைசியாக எந்த நாட்டில் யார் கேட்டார்கள் என்று வரி வரியாக வந்து விழும். ‘டாக்’ என்று அடித்தால், வலையில் இருக்கும் ஒருவரோடு மட்டும் தனியாக எழுதிப் பேசலாம். இரண்டையும் நீதான் எனக்குக் காட்டித் தந்தாய்.

அக்கரப்பத்தனைத் தோட்டத்து ஸ்டோரில், அதுதான் தேயிலைத் தொழிற்சாலையில், எலக்ட்ரீஷியன் வேலை பார்த்துக்கொண்டே ஹாம் பரீட்சை எழுதி லைசன்ஸ் எடுத்தாய். அதோடு விட்டாயா? “நீயும் எழுதுக்கா, போனுக்கு ரீலோடே போடாம ரெண்டு பேரும் பேசிக்கலாம்” என்று என்னையும் எழுத வைத்தாய். எழுதினேன், தேறினேன். ஆனால் நாம் இரண்டு பேரும் ரேடியோவில் ஒரு தடவைகூடப் பேசவில்லை, ஞாபகம் இருக்கிறதா? உன் கையால் செய்த பெட்டி ஒரே ஒரு அலைவரிசையில்தான் வேலை செய்யும். அந்த அலை வானத்தில் பட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளித்தான் தரையில் இறங்கும். பக்கத்தில் இருக்கிற ஹட்டனைத் தாண்டிக்கொண்டு போய்விடும். நடுவில் மலை வேறு.

“ஜப்பான்காரனுக்குக் கேக்குது, ஒனக்குக் கேக்க மாட்டேங்குது பாரு” என்று சிரிப்பாய்.

அதனால் நான் உன்னைப் பார்த்தது கிளஸ்டரில்தான். வேலை முடிந்து பேருந்து நிலையத்துப் பக்கம் மரக்கறி வாங்க நிற்கும்போது போனில் உன் குறியை அடித்துப் பார்ப்பேன். ருமேனியாவில் ஒருவர் கேட்டிருப்பார், பிலிப்பைன்ஸில் ஒருவர் கேட்டிருப்பார். நீ ஸ்டோரிலிருந்து வந்துவிட்டாய், சாப்பிட்டுவிட்டாய், பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாய். எனக்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.

அந்த மழை வந்தபோதும் அப்படித்தான் பார்த்தேன். முதலில் உன் போன் கிடைக்கவில்லை, பிறகு தோட்டத்தில் யாருடைய போனும் கிடைக்கவில்லை. டவர் விழுந்துவிட்டது என்றார்கள். ஹட்டனிலும் கரண்ட் இல்லை. போனில் பேச்சு எடுக்காது, படம் இறங்காது. கடை வாசலில் ஒரு மூலையில் நின்றால் மட்டும் இணையம் சொட்டுச் சொட்டாக வந்தது. கிளஸ்டருக்கு அது போதும், வெறும் எழுத்துத்தானே.

உன் குறியை அடித்தேன். பழைய வரிகள் வந்தன. திரும்பத் திரும்ப அடித்தேன். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் மேலே ஒரு புது வரி வந்தது. ஜப்பானில் ஒருவர் போட்டிருந்தார். குறிப்பில், சத்தம் மிகவும் பலவீனம், உதவி கேட்கிறார் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

‘டாக்’ என்று அடித்து அந்த ஜப்பான்காரருக்கு எழுதினேன். நான் இவருடைய அக்கா, பக்கத்து ஊரில் இருக்கிறேன், எனக்கு இவர் சத்தம் கேட்காது, என்ன சொல்கிறார் என்று சொல்லுங்கள் என்று. இணையம் நின்றுவிட்டதோ என்று பயந்தேன். பிறகு பதில் வந்தது. கொஞ்சம் பொறுங்கள், அவரிடம் கேட்கிறேன்.

தம்பி, நாம் ரேடியோவில் பேசிய ஒரே பேச்சு அதுதான். நீ மோர்ஸில் தட்டுவாய், அவர் எனக்கு எழுதுவார். நான் அவருக்கு எழுதுவேன், அவர் உனக்குத் தட்டுவார். நம் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது என்றாய். எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிட்டோம், அம்மா என் பக்கத்தில்தான் இருக்கிறார் என்றாய். பாதை எல்லாம் போய்விட்டது. கீழ் லயத்துச் செல்விக்கு வலி வந்துவிட்டது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, எப்படியாவது ஆட்களை அனுப்பு.

அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். அனர்த்த வேலைக்கென்று ஒரு அறையைத் திறந்து வைத்திருந்தார்கள். அங்கே இருந்த அதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னேன். அவர் இரண்டு நாளாகத் தூங்காத ஆள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“அக்கரப்பத்தனைக்கு எந்த லைனும் இல்லையே. யார் சொன்னது?”

“ஜப்பானிலிருந்து சொன்னார்கள் சேர்.”

அவர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. போனை வாங்கி முழுவதையும் வாசித்தார். தன் வயர்லஸில் மூன்று நான்கு பேரைக் கூப்பிட்டார். ஒவ்வொருவரும் சொன்னதைக் கேட்கக் கேட்க அவருடைய தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

“நங்கி,” என்று தங்கையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார். “நான் பொய் சொல்ல விரும்பவில்லை. வாகனம் போகப் பாதை இல்லை. இந்தப் பனிமூட்டத்தில் ஹெலிகொப்டர் ஏறாது. மழை விடும்வரை யாராலும் அங்கே போக முடியாது. அதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.”

அதை நான் எப்படி உன்னிடம் சொல்வது? கடை வாசலுக்கு வந்து நின்றேன். மழைத்தண்ணீர் போன் திரையில் விழுந்து எழுத்துகள் தானாக மாறின. துடைத்துத் துடைத்து அடித்தேன். யாரும் வர முடியாது என்று ஆங்கிலத்தில் எழுதுவதற்கு ஒரு சின்ன வாக்கியம் போதும். அந்தச் சின்ன வாக்கியம் ஜப்பானுக்குப் போய், அங்கிருந்து உன் காதுக்கு வந்தது. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்களுக்கு நீ இருக்கிற நிலைமை தெரியும். தெரிந்து என்ன செய்வது? தெரிந்தவர்களில் உன் பக்கத்தில் இருந்தவள் நான் ஒருத்தி. என்னாலும் அதைத் தட்டத்தான் முடிந்தது.

உன் பதிலை அவர் அப்படியே அனுப்பினார். “சரி. நாங்களே தூக்கிக்கொண்டு போகிறோம். அக்காவைச் சாப்பிடச் சொல்லுங்கள். பேட்டரி குறைவு. சாயங்காலம் வருகிறேன்.”

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், எனக்குத்தான் பிறர் சொல்லித் தெரிந்தது. பள்ளிக்கூடத்துக் கதவு ஒன்றைக் கழற்றி, செல்வியை அதில் படுக்கவைத்து, நான்கு பேர் மலை உச்சிப் பாதையால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனீர்கள். கொண்டுபோய்ச் சேர்த்தும் விட்டீர்கள். திரும்பி வரும்போது நீ கடைசியாக வந்தாயாம். முருகேசு மாமாதான் உனக்கு முன்னால் வந்தவர்.

“ஏதோ லொறி வர்ற மாதிரி சத்தம் கேட்டுச்சு புள்ள. திரும்பிப் பாத்தேன். தம்பியும் இல்ல, பாதையும் இல்ல” என்றார்.

அந்தச் சாயங்காலம் இது எதுவும் தெரியாமல் நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜப்பான்காரர் எழுதிக்கொண்டே இருந்தார். கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஒன்றுமில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஒன்றுமில்லை. மழை விட்டு, பஸ் போகிற வரைக்கும் போய், அங்கிருந்து நடந்து நான் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது, அம்மா உன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அழவில்லை. “இத எப்புடி முடுக்குறது?” என்று கேட்டார்.

ராணுவத்துப் பையன்கள் தோண்டினார்கள். நம் ஆட்கள் மண்வெட்டியோடு தோண்டினார்கள். அந்த மண் எவ்வளவு ஆழம் என்று பார்த்தால்தான் புரியும். நீ கிடைக்கவில்லை.

அதனால்தான் நீ போய்விட்டாய் என்பதை அம்மா நம்பவில்லை. நான் அவருக்கு எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர் ஒரே பதில்தான் சொல்வார். “போன்ல கெடைக்காதப்பவும் அவன் அதுல கெடைச்சான்ல?” கிடைத்தாய் என்பது உண்மைதானே.

அதனால் தினமும் அடிக்கிறேன். ‘ஷோ டிஎக்ஸ்’, பிறகு உன் குறி. ஜப்பான்காரரின் வரி வரும், அதற்குக் கீழே ருமேனியா, பிலிப்பைன்ஸ். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் லயத்தில் நம் காம்பரா வீட்டுக் கதவில் நீ பெயின்ட்டால் எழுதி வைத்திருந்ததால் உன் குறியின் உருவம் தெரியும். விரலால் தொட்டுப் பார்ப்பார், தொட்டதும் திரை நகர்ந்துவிடும்.

அந்த வலை பழைய வரிகளை என்றைக்கும் காட்டிக்கொண்டிருக்காது. நாளாக ஆக ஒவ்வொன்றாகக் கீழேயிருந்து மறைந்தன. போன மாசம் ஒருநாள் அடித்தபோது ஜப்பான்காரரின் வரியும் வரவில்லை. வெறும் கறுப்பு. நான் தப்பாக அடித்துவிட்டேன் என்று அம்மா நினைத்தார், திரும்ப அடிக்கச் சொன்னார். அடித்தேன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஊர்ச் செய்தியும் சொல்லிவிடுகிறேன். லயத்து ஆட்கள் பள்ளிக்கூடத்திலிருந்து மூடிக் கிடந்த பழைய ஸ்டோருக்கு மாறியிருக்கிறார்கள். சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக இருக்கிறார்கள். காணி தருவதாகச் சொல்கிறார்கள், எங்கே என்று சொல்லவில்லை. அன்றைய வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் பெயர் கொடுக்க விடிந்ததும் அங்கிருந்தே போகிறார்கள். செல்வி பிள்ளையோடு ஒருநாள் ஹட்டனுக்கு வந்தாள். நம் அறை வாசலில் நின்றாள், உள்ளே வரத் தெரியாமல். அம்மாதான் பிள்ளையை வாங்கிக்கொண்டு, “ஊசி எல்லாம் போட்டாச்சா?” என்று கேட்டார்.

இப்போது போன வாரம் நடந்ததைச் சொல்ல வேண்டும். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வழக்கம்போல் படியேறி வந்து அடித்தேன். ஒரு வரி வந்தது. உன் குறி. இத்தாலியில் ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல சத்தம் என்று போட்டிருக்கிறார். நேரத்தைப் பார்த்தேன், அப்போதுதான்.

நான் படித்தவள், பரீட்சை எழுதித் தேறியவள். அந்த மண்ணைக் கண்ணால் பார்த்தவள். இருந்தும் ஒரு கணம் நம்பினேன் தம்பி. அம்மா என் தோளுக்கு மேலால் பார்த்துவிட்டார்.

“இது நம்ம புள்ளயோடதுதானே?”

“இரும்மா. கேட்டுச் சொல்றேன்.”

ஜப்பான்காரர் வலையில் இருந்தார். ‘டாக்’ அடித்தேன், கேட்டேன். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றார். பதில் வர நேரமாகியது. வந்தபோது சின்னதாக இருந்தது. உன் குறியின் கடைசி எழுத்துக்கு மோர்ஸில் மூன்று புள்ளி. கொழும்பில் ஒருவருடைய குறி அப்படியே உன்னுடையதுதான், கடைசி எழுத்துக்கு மட்டும் நான்கு புள்ளி. இத்தாலிக்காரர் ஒரு புள்ளியைத் தவறவிட்டு எழுதிவிட்டார். “மன்னிக்கவும். அந்த வரியைப் பார்த்ததும் நானும் சாப்பாட்டை விட்டுவிட்டு ரேடியோவுக்கு ஓடினேன். நானும் அவராக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.”

அதை அம்மாவிடம் அப்படியே சொன்னேன். ஒரு புள்ளி விட்டுப்போச்சும்மா, இது வேற ஆள், கொழும்பு ஆள் என்றேன். அவர் கட்டிலில் போய் உட்கார்ந்தார். சேலைத் தலைப்பை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தார்.

“அந்த ஜப்பான் ஆளும் ஓடிப்போயி கேட்டாரா?”

“ஆமாம்மா.”

“சாப்பாட்ட விட்டுட்டா?”

“ஆமாம்மா.”

“பாவம். வயசான மனுசனா?”

தெரியாதும்மா என்றேன். “போய்ச் சாப்பிடச் சொல்லி எழுது” என்றார். எழுதினேன். அப்போதுதான் அம்மா அழுதார். நீ போனதற்குப் பிறகு முதல் தடவை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

மறுநாள் கேட்க மாட்டார் என்று நினைத்தேன். கேட்டார். ஆனால் கதவருகே நின்று கேட்கவில்லை. தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, நான் பாதி குடித்த பிறகு கேட்டார்.

உன்னைத் தேடி எடுக்க என்னால் முடியவில்லை. உனக்கு ஆள் அனுப்ப முடியவில்லை. அம்மாவின் மனதை மாற்றவும் என்னால் ஆகாது. எனக்கு ஆகக்கூடியது ஒன்றுதான், அதை உனக்கு வாக்காகச் சொல்கிறேன். அம்மா கேட்கிற நாள் வரைக்கும் உன் குறியை அடிப்பேன். திரையில் இருப்பதைத்தான் சொல்வேன். ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
புஷ்பா அக்கா
ஹட்டன்