வேகம் ஒன்பது

2022 மார்ச் 20, ஞாயிறு

இன்றும் கரண்ட் இல்லை. ஒட்டுசுட்டானில் 'கொமினிக்கேஷன்' என்று பெரிதாகப் பலகை போட்ட கடையில் போட்டோக்கொப்பி மெசின் செத்துக் கிடக்கிறது. கடதாசியும் முடிந்துவிட்டது. முதலாளி நாஸிம் நானா கதவைத் திறந்து வைத்திருப்பது காற்று வரட்டும் என்றுதான். ரைப் அடிக்கிற நான் கணினிக்கு முன்னால் இருந்து கறுப்புத் திரையில் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கும்படியாக ஒன்றுமில்லை.

பின்னேரம் ஜனகனும் சுதர்சினியும் வந்தார்கள். இருவரும் என்னோடு படித்தவர்கள். அவன் பட்டதாரி, வேலையில்லை. அவள் ஆசிரியை, எதற்கெடுத்தாலும் அழுவாள். ஜனகன் ஒரு வெளிநாட்டு விளையாட்டின் விதிகளை வாசித்துவிட்டு வந்திருந்தான். மேசையைச் சுற்றி இருந்து ஆளுக்கொரு பாத்திரம் எடுக்க வேண்டுமாம். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா இல்லையா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். கதை நடப்பது பல வருடங்களுக்குப் பிறகு, விண்வெளியில்.

"விண்வெளிக்கு என்னத்துக்குப் போவான்?" என்றார் நாஸிம் நானா. "தொண்ணூறில விரட்டினதோட புத்தளத்துக்குப் போய்த் திரும்பி வரவே எங்களுக்கு இருபது வருசம் போச்சு. இங்கயே வைப்பம்."

அப்படியே வைத்தோம். 2190ஆம் ஆண்டு. கடல் தண்ணீரூற்று ஊர் வரைக்கும் வந்துவிட்டது. நல்ல தண்ணீர் இருப்பது ஒரே ஒரு குளத்தில். காட்டைக் காவல் காக்க எவரோ செய்து விட்ட இரும்பு யானைகள் எசமான் இல்லாமல் அலைகின்றன. நாங்கள் அவற்றுக்குத் தப்பித் தண்ணீர் கொண்டுவருகிறவர்கள். குளம் நிறைந்தால் திறக்கிற கதவின் பெயரை, 'வான்கதவு' என்று, விளையாட்டுக்கு வைத்தது நான். கதையை ஜனகன் நடத்துவானாம், அவனுக்கும் ஒரு பாத்திரம் வேண்டுமாம். பேராசை.

2022 மார்ச் 27, ஞாயிறு

தாயக்கட்டைக்கு எங்கே போவது? பத்துப் புளியங்கொட்டையை எடுத்து ஒரு பக்கத்தைச் சீமெந்து நிலத்தில் வெள்ளையாகும் வரை தேய்த்தோம். எறிந்தால் எத்தனை வெள்ளை விழுகிறதோ அதுதான் எண். பலத்துக்கு ஒரு எறி, அறிவுக்கு ஒரு எறி, வேகத்துக்கு ஒரு எறி.

எனக்குப் பலம் மூன்று. அறிவு ஐந்து (ஜனகன் சிரித்தான், அவனுக்கு நான்கு விழுந்தது, நான் அதைவிடச் சத்தமாகச் சிரித்தேன்). வேகம் ஒன்பது.

ஒன்பது. எல்லோரும் குனிந்து எண்ணினார்கள். பிறகு ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். ஏன் என்று எனக்குத் தெரியாதா? எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். அது போன கதையை இங்கே எழுதப் போவதில்லை. கேட்கிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

என் பாத்திரத்துக்குச் சாரை என்று பெயர் வைத்தேன். இரண்டு காலும் உள்ளவள். காட்டில் அவளைப் பிடிக்க எந்த இரும்பும் இல்லை. மேசைக்குக் கீழே யாரும் பார்ப்பதுமில்லை.

2022 ஏப்ரல் 24, ஞாயிறு

அப்பா சிறுபோக விதைப்புக் கூட்டத்துக்குப் போய் வந்தார். குளத்தில் தண்ணீர் காணாது, ஒரு வாய்க்காலை விட்டுவிட்டுத்தான் விதைக்க வேண்டும். எங்கள் வாய்க்காலை விட்டிருக்கிறார்கள். எல்லோரும் கை உயர்த்தினார்களாம்.

"நீங்களுமோ?" என்று கேட்டேன்.

"ஓம். விடுபடுகிறவனும் கை உயர்த்தினால்தான் அது தீர்மானம். இல்லாட்டி அது களவு. அடுத்த போகத்துக்கு முதல் தண்ணி எங்களுக்கு."

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். நான் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுக் கடைக்கு ஓட்டோவில் போனேன். எங்கள் விளையாட்டில் குறையாக இருந்தது இதுதான். யானைகள் துரத்தும்போது ஒருவரை விட்டுவிட்டுப் போனால்தான் மற்றவர்கள் தண்ணீரோடு தப்பலாம். யாரை விடுவது? கை உயர்த்த வேண்டும். விடப்படுகிறவரும் உயர்த்த வேண்டும். பிறகு அவர் தனியாக, தன் வேகத்தை நம்பி ஓட வேண்டும். தப்பி வந்தால் அடுத்த ஆட்டத்தில் முதல் தண்ணீர் அவருக்கு.

"இது கொடுமையான விதி," என்றாள் சுதர்சினி. கண் கலங்கியிருந்தது.

"அதுதான் நல்ல விதி," என்றேன்.

2022 செப்ரெம்பர் 4, ஞாயிறு

போன மாதம் என்னைத்தான் ஒவ்வொரு முறையும் விட்டார்கள், ஒவ்வொரு முறையும் ஓடி வந்தேன். "தயாவை விடுவம், அவள் வந்திடுவாள்" – இந்த வசனத்தை என்னைப் பற்றி இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

2023 யூன் 11, ஞாயிறு

விளையாட்டு யாழ்ப்பாணத்தில் புத்தகமாக வந்திருக்கிறது. நான் ரைப் செய்தது, நாஸிம் நானா வரைபடம் கீறியது. அட்டையில் ஜனகனின் பெயர் பெரிதாக, எங்கள் மூவரின் பெயரும் எறும்பு ஊர்கிற மாதிரி. கேட்டதற்கு, "வடிவமைப்புச் செய்தவன்ர வேலை" என்றான். வடிவமைப்புச் செய்தவனுக்கு மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பியது நான். அவனுக்கு எல்லோருடைய பெயரும் ஒரே அளவில்தான் போனது. அதை நான் ஜனகனுக்குச் சொல்லவில்லை. பொய் சொல்கிறவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

ஆனால் 'சாரை, வேகம்: 9' என்று அச்சில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பல தரம் திறந்து பார்த்தேன்.

2024 பெப்ரவரி 11, ஞாயிறு

இப்போது அது யூடியூப்பில் ஒலி நாடகம். சாரைக்குக் குரல் சுதர்சினி. என் குரல் கரகரப்பாம். சாரை அழுகிற இடம் ஒன்றைத் தானாகவே சேர்த்துவிட்டாள். நான் முகத்துக்கு நேரே சொன்னேன்: "அது சாரை இல்லை, உன்ர மூக்குச் சளி."

ஓடுகிற சத்தத்துக்கு ஜனகனைக் கிரவல் றோட்டில் ஓடவிட்டுப் பதிவு செய்தோம். அந்த இடம் மட்டும் நன்றாக வந்திருக்கிறது. இரண்டு கால் மாறி மாறி விழுகிற சத்தம். கடையில் ஆளில்லாத நேரத்தில் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு அதை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்கிறேன். விசர்தான்.

2024 ஓகஸ்ட் 11, ஞாயிறு

நோர்வேயிலிருந்து ராஜினி அக்கா வந்தா. அங்கே படம் எடுக்கிறவவாம். ஒலி நாடகத்தைக் கேட்டுவிட்டு ஜனகனோடு தொடர்பு கொண்டிருக்கிறா. முதலில் படம், பிறகு போனில் விளையாடுகிற மாதிரி ஒரு கேம். கடைக்குள் வந்ததும் எல்லோருக்கும் கை கொடுத்தா. நான் எழும்பினேன். அவவின் கண் கீழே போனது, அங்கேயே நின்றது.

"நீங்கள்தானே சாரை?" என்றா. "ஜனகன் சொன்னவர். எவ்வளவு பெரிய விசயம் இது."

ஜனகன் சொல்லியிருக்கிறான். விதியைச் சொல்லவில்லை, புளியங்கொட்டையைச் சொல்லவில்லை. காலைச் சொல்லியிருக்கிறான்.

2024 ஓகஸ்ட் 18, ஞாயிறு

இதை ஆறுதலாக, அவசரப்படாமல் எழுத வேண்டும். முடியுமோ தெரியாது.

ராஜினி அக்காவின் எண்ணம் இதுதான்: படத்தில் சாரைக்கு ஒரு கால்தான். யானைக்கு முன்னால் நொண்டிக்கொண்டு ஓடுகிற பெண். அதைப் பார்த்தால் உலகம் எங்களைப் பார்க்குமாம். வேகமாக ஓடுகிற பெண்கள் எல்லாப் படத்திலும் இருக்கிறார்களாம்.

"உன்ர கதையை உலகம் கேக்கோணும் தயா," என்றாள் சுதர்சினி.

"என்ர கதையில எனக்கு ரெண்டு கால்."

அழத் தொடங்கினாள். அவள் அழுதால் அறையே அவள் பக்கம் சாய்ந்துவிடும். நான் அழமாட்டேன், அதனால் எனக்கு நோகாது என்று நினைக்கிறார்கள்.

பிறகு ஜனகன் சொன்னான்: "எங்கட விதிப்படியே செய்வம். கை உயர்த்துவம்."

அவன் கை முதலில். சுதர்சினியின் கை இரண்டாவது, மற்றக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. நாஸிம் நானா நிலத்தைப் பார்த்தார். "எனக்கு இது சரியாப் படேல்ல தங்கச்சி," என்றார், சொல்லிக்கொண்டே காது மட்டத்துக்குக் கையைத் தூக்கினார். சரியாகப் படாவிட்டால் ஏன் தூக்கினீங்கள் நானா? பெயர் வரும் எண்டோ? ரெண்டரை வருசம் ஒரே மேசையில இருந்து சோடா குடிச்சம், அதுக்கு இதுதானோ?

மூன்று கைகளும் காத்துக்கொண்டிருந்தன. விடப்படுகிறவள் உயர்த்தாவிட்டால் செல்லாது. விதி என்னுடையது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மேசையில் நான் ஒருநாளும் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்ததில்லை. எத்தனை முறை விட்டார்கள், எத்தனை முறை பெருமையோடு உயர்த்தினேன். இன்றைக்கு மட்டும் பயந்து பின்வாங்கினால் அந்த ஒன்பது முழுக்கப் பொய் என்று ஆகிவிடும் போலிருந்தது.

உயர்த்தினேன்.

ராஜினி அக்கா நான்கு கைகளையும் படம் பிடித்தா. பேஸ்புக்கில் போட்டிருக்கிறா: 'முழுச் சம்மதத்தோடு ஆரம்பிக்கிறோம்.' ஜனகன் அதற்கு இதயம் போட்டிருக்கிறான்.

2024 ஓகஸ்ட் 19, திங்கள்

இந்த முறை ஓடி வர வழியில்லை என்று உயர்த்தும்போதே தெரியும். தெரிந்துதான் உயர்த்தினேன். மண்டை இருக்கிற எவளாவது செய்வாளா?

2024 டிசெம்பர் 8, ஞாயிறு

படப்பிடிப்பு. சாரையாக நடிக்க வந்த பிள்ளை கொழும்பு. இரண்டு காலும் வடிவான கால். வலது காலுக்குப் பச்சைத் துணி சுற்றியிருந்தார்கள், பிறகு கணினியில் அழித்துவிடுவார்களாம். எவ்வளவு லேசு.

அவளுக்கு நடந்து காட்டச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். கமரா வைத்த இடத்திலிருந்து பாலை மரம் வரைக்கும் நடந்தேன். ஒழுங்காக நடந்தேன். இப்படி நடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ராஜினி அக்கா தலையைச் சரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னா: "நீங்கள் நல்லா நடக்கிறீங்கள் தயாளினி. அது படத்துக்குக் காணாது. இன்னும் கொஞ்சம் நொண்டிக் காட்டுங்கோ."

நொண்டிக் காட்டினேன். அந்தப் பிள்ளை பின்னால் வந்து அச்சொட்டாக நொண்டினாள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அவளுக்குத்தான்.

2025 மார்ச் 16, ஞாயிறு

கிளிநொச்சியில் படம் போட்டார்கள். மண்டபம் முழுக்க அழுதது. கடைசியில் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள், படிக்கட்டில் ஏறும்போது எல்லோரும் எழும்பி நின்றார்கள். ஏறி முடியும் வரைக்கும் ஒருவரும் கதிரையில் இருக்கவில்லை. அவ்வளவு நேரமும் என் காலையே பார்த்தார்கள்.

அப்பாவும் வந்திருந்தார். பஸ்ஸில் திரும்பும்போது ஒரு கேள்விதான் கேட்டார். "நீ கை உயர்த்தினனியோ?"

"ஓம் அப்பா."

என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

2025 ஏப்ரல் 27, ஞாயிறு

ஜனகன் நோர்வேக்குப் போய்விட்டான். ராஜினி அக்காதான் விசா எடுத்துக் கூப்பிட்டாவாம். சுதர்சினியின் பள்ளிக்கூடத்தில் படத்துக்குப் பாராட்டு விழா, என்னைப் பற்றி அவள் பேச்சு. நான் போகவில்லை. புளியங்கொட்டை டப்பா மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. எறும்பு பிடித்திருக்கிறது.

2025 யூலை 20, ஞாயிறு

கேம் வந்துவிட்டது. நாஸிம் நானாவின் மகள் றிம்ஸியாவுக்கு ஒன்பது வயது. கடையில் என் கதிரையில் ஏறி இருந்துகொண்டு புத்தளத்தில் இருக்கிற மச்சான்மாரோடு போனில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"நீ ஆரை எடுத்தனீ?" என்று கேட்டேன்.

"துவக்குக்காரனை, அவன் சுடுவான். சாரையை ஆரும் எடுக்கமாட்டினம் மாமி. வேகம் ரெண்டுதானே. அவாவை அது தானா நடத்தும்."

"அப்ப என்னத்துக்கு அவா?"

"யானை வந்தால் விடுறதுக்கு." பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னாள். "அவா நொண்டிறபடியால் யானை எல்லாம் அவாவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். அதுக்குள்ள நாங்கள் தண்ணியோட ஓடிடுவம். எல்லாரும் அப்பிடித்தான் வெல்லுறவை."

"விடேக்க அவாவும் கை உயர்த்துவாவோ?"

"இல்லையே. நாங்கள் மூண்டு பேரும் தொட்டால் காணும்."

நாஸிம் நானா மெசினடியில் நின்றார். எல்லாம் கேட்டிருக்கும். மெசினில் ஒன்றும் வைக்காமலே கொப்பி அடித்துக்கொண்டிருந்தார், வெறும் கடதாசி ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தது.

பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. வேகம் இரண்டை விட்டுவிட்டு ஓடாதவர்கள்தான் மோடர்கள். நானும் அப்படித்தான் விளையாடியிருப்பேன். அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

2025 ஓகஸ்ட் 17, ஞாயிறு

றிம்ஸியாவின் மச்சான்மார் இன்று இல்லை. விளையாட ஆள் காணாது என்று சிணுங்கினாள். நாஸிம் நானா தன் போனை எடுத்தார், நான் என் போனில் கேமை இறக்கினேன். மூன்று பேர். நான்காவது சாரை.

நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். குளம் அசல் குளம். சாரை எங்களுக்குப் பின்னால் காலை இழுத்துக்கொண்டு வந்தாள். அந்த நடை எனக்குத் தெரியும், பாலை மரத்தடியில் நான் காட்டிய நடை. தண்ணீரை எடுத்துக்கொண்டு திரும்பும்போது யானைகள் வந்தன. யாரை விடுவது என்று திரை கேட்டது. நாஸிம் நானாவின் விரல் போனுக்கு மேலே நின்றது. றிம்ஸியா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

முதலில் சாரையைத் தொட்டது நான். பிறகு அவர்கள் தொட்டார்கள். சாரை யானைகளின் பக்கம் திரும்பி நின்றாள். அவள் கை உயர்த்த ஒரு வழியும் அதில் வைக்கவில்லை. அதனால் நான் உயர்த்தினேன்.

"என்ன மாமி, கேள்வியோ?" என்றாள் றிம்ஸியா.

ஒரு கேள்வியும் இல்லை என்றேன். வென்றோம்.