நான் தைத்த பைகள்

என் கண்ணுக்கு, அம்மா எழுதுவது. நீ அங்கே குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன், நானும் இங்கே இருக்கிறேன், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. உன் அக்கா சுகம், அவள் மகளுக்கு உன் வாய் அப்படியே வந்திருக்கிறது. போனில் ஏன் அம்மா உம் கொட்டிக்கொண்டே இருக்கிறாய் என்று கோபித்துக்கொண்டாயே, நீ கூப்பிடுவதே நான் தையல் கூடத்தில் இருக்கும் நேரம், அங்கே நான் பேசுவதைக் கேட்க ஆட்கள் நிற்கிறார்கள் தம்பி. அதனால்தான் உன் பக்கம் வேலைக்கு வரும் நர்ஸ் பெண்ணிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ வேலை பார்க்கும் உதவிச் சங்கம் அங்கே நன்கொடை திரட்டி, புருஷனை இழந்த எங்களுக்காக வைத்துக் கொடுத்த கூடத்தில் இப்போது பள்ளிச் சீருடை தைப்பதில்லை. மழை விட்டதிலிருந்து தடித்த காக்கித் துணிதான் வருகிறது. கையில்லாத மேல்சட்டை, மார்பில் வரிசையாக நீள நீளப் பைகள், ஒவ்வொன்றுக்கும் மூடி. கூடத்துக்குப் பொறுப்பாக வந்து உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக்காரரிடம் இதில் என்ன வைப்பார்கள் என்று கேட்டேன், "ஸ்பேனர் வைப்பாங்கம்மா, மெக்கானிக்குங்களுக்கு" என்று சிரித்தார். துணி வெட்டும் மாஸ்டர் தலையை நிமிர்த்தவே இல்லை. ஊரில் இத்தனை மெக்கானிக் இருந்தால் நம் தெரு பஸ்ஸை ஏன் தினமும் தள்ளிவிட வேண்டியிருக்கிறது என்று பொத்தான் தைக்கும் அக்கா என் காதைக் கடித்தாள், அன்றைக்குச் சிரித்தோம்.

போன வாரம் நம் மருந்துக்கடைக்காரரைச் சுட்டுவிட்டார்கள். சின்ன வயதில் உனக்கு மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்து ஊட்டுவாரே, அவர்தான். கண்ணாடிக்காரரின் ஆட்களை எதிர்த்துத் தேர்தலில் நிற்கிறேன் என்றார், அவ்வளவுதான் அவர் செய்தது. பட்டப்பகலில், கடைக்குள்ளேயே. விழும்போது சுட்டவனின் மார்புச் சட்டையைப் பிடித்து இழுத்தார் என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் கூடத்துக்கு ஒரு மேல்சட்டை பழுதுபார்க்க வந்தது. ஒரு பையின் மூடி பிய்ந்து தொங்கியது, துவைத்தும் போகாத கறை. பையின் மூலையில் முக்கோணத் தையல், என் தையல். நீ கோலிக்குண்டைத் திணித்துத் திணித்துப் பையைக் கிழித்துக்கொண்டு வருவாய் என்று உனக்காகப் பழகியது, இன்றும் கை தானாகப் போடுகிறது. மூடிதான் பிய்ந்திருந்தது, தோட்டா சுமந்த பை அசையவில்லை. கண்ணாடிக்காரர் பக்கத்திலேயே நின்றார், நான் தைத்துக் கொடுத்துவிட்டேன். அதிலிருந்து சோறு இறங்கவில்லை, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே விளக்கை அணைத்துவிடுகிறேன்.

கூடத்துச் சுவரில் உன் படத்தை மாட்டியிருக்கிறார்கள், பல்லெல்லாம் தெரிய இளித்துக்கொண்டு நிற்கிறாய். கண்ணாடிக்காரர் அதைத் தட்டித் தட்டி, "உங்க பையன் இனிமே எங்க பையன்மா, ரெண்டாவது கூடம் திறக்க அவரைத்தான் கூப்பிடப் போறோம்" என்கிறார். நீ வராதே. நன்கொடை கொடுக்கும் அந்த மனிதர்கள் பாவம், பிள்ளைகளுக்குச் சீருடை என்றே நம்பியிருப்பார்கள், நீயும் அப்படித்தான் நம்பினாய். இதற்கு மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேன், நீ வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடுவாய், நானே சொல்லிவிடுகிறேன். பணம் நின்றால் யார் சொன்னது என்று தேடுவார்கள், அம்மாவுக்குப் பயமாக இருக்கிறது, நிறுத்தாதே என்று எழுதியிருந்தேன். பயம் இன்னும் போகவில்லை, நாளைக்கும் அங்கே போய் உட்காரத்தான் வேண்டும், போகாவிட்டால் சந்தேகம் வரும். ஆனாலும் நிறுத்து தம்பி. உன் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல், சொன்னது நான் என்று மட்டும் சொல்லாதே.

நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உன்னோடு. படித்ததும் இதைக் கிழித்துப் போடு. எப்போதும்போல் கூப்பிட்டு, சாப்பிட்டாயா அம்மா என்று மட்டும் கேள், உம் என்பேன், கோபித்துக்கொள்ளாதே. ஒருநாள் நான் எடுக்காவிட்டாலும் கிளம்பி வந்துவிடாதே.

உன் அம்மா