பன்னிரண்டு தட்டுகளை ஒட்டியவள்

மேசை இழுப்பறையில் வேறு எதையோ தேடப்போய் அந்தத் துணிச்சுருள் கையில் வந்தது. உன் வீட்டுக்காரரின் பழைய வேட்டியை நான்கு விரல் அகலத்துக்குக் கிழித்து நீ செய்த நாடாக்கள். ஓரமெல்லாம் பழுப்பேறிக் கிடக்கின்றன. மூக்கருகே கொண்டுபோனேன். தீய்ந்த பருத்தியும் வெனிலா எசன்ஸும் கலந்த வாசம் இன்னும் போகவில்லை. எதைத் தேடினேன் என்பதே மறந்து, இழுப்பறையைத் திறந்துபோட்டபடி நின்றேன்.

நாளைக்கு நம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவிகள் கூடுகிறார்கள். இருநூற்று நாற்பது பேர். கேக்கைக் கடையில் சொல்லிவிடலாம் என்றார்கள். நான்தான் வீம்புக்கு, வீட்டிலேயே செய்கிறேன் என்று ஏற்றுக்கொண்டேன். நீ இல்லாமல் இது முதல் தடவை. பன்னிரண்டு தட்டுக் கேக்கில் உன் பங்கு ஆறையும் நம்மோடு படித்த செல்வி சுட்டுத் தருகிறாள். வகுப்பில் எப்போதும் நடுங்கிக்கொண்டே இருப்பாளே, அவளேதான். இப்போதும் அப்படித்தான்.

அந்த நாடாக்களை நனைத்துப் பிழிந்து தட்டைச் சுற்றிக் கட்டினால் ஓரம் முந்திக்கொண்டு வேகாது, நடுவில் மேடு தட்டாது, கேக் பாய் விரித்தாற்போல் சமமாக எழும்பும். எங்கே கற்றாய் என்று கேட்டால் மஸ்கட்டில் என்பாய். இன்னொரு நாள் கேட்டால் கனவில் என்பாய். இரண்டையும் நான் நம்பினேன்.

உங்கள் வீடு சைவம். முட்டை அடுக்களைக்குள் நுழையக்கூடாது. அதனால் உன் ஓவன் கார் ஷெட்டில், ஸ்கூட்டருக்கும் தேங்காய்க் குவியலுக்கும் நடுவே குடியிருந்தது. மாவும் சீனியும் அடுக்களையில் அளந்து ஷெட்டுக்கு வரும், முட்டை கடையிலிருந்து நேரே ஷெட்டுக்கு வரும். என் ஓவன் மதிலுக்கு இந்தப் பக்கம். பெரிய தட்டு இரண்டிலும் நுழையாது. கல்யாண வரவேற்போ அறுபதாம் கல்யாணமோ, எது வந்தாலும் காலண்டர் தாளின் பின்பக்கம் ஸ்கேல் வைத்துப் பன்னிரண்டு கட்டம் போடுவாய். ஆறு உனக்கு, ஆறு எனக்கு. வெந்ததை நான் மதில் மேலாக நீட்டுவேன். நீ எல்லாவற்றையும் பலகையில் அடுக்கி, இடுக்கில் ஜாம் தடவி, மேலே கிரீம் பூசி ஒரே கேக்காக ஆக்கிவிடுவாய்.

கூட நிற்கட்டுமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறேன். ஒரே பதில்தான் வரும். "ஒட்டுறது எனக்க வேல. நீ போய்க் குளிச்சிட்டு வா, மக்கா."

இரணியல் ஸ்டேஷனை விட்டு ரயில் கிளம்பும் சத்தம் கேட்டால் ஓவன் கதவைத் தொட விடமாட்டாய். தரை அதிர்ந்தால் கேக் அமுங்கிவிடுமாம். "ஏட்டி, ரயிலு போட்டும். பெறவு தொற" என்பாய். வெளியே ஆனிச் சாரல் விழுந்துகொண்டிருக்கும். கூரை இடுக்கு வழியே வந்த வெளிச்சத்தில் மாவுத்தூள் மெல்ல மிதக்கும். ரயில் தூரத்துக்குப் போய், இன்னும் தூரத்துக்குப் போய், சாரலோடு கலந்துவிடும். நாம் இருவரும் பேசாமல் நிற்போம். அப்படி நின்றது எத்தனையோ நாளா, ஒரே நாளைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேனா, தெரியவில்லை. நினைக்கும்போதெல்லாம் உன் கன்னத்தில் மாவு இருக்கிறது.

கடைசித் தடவை, நம் பள்ளிக்கூட விழாவுக்கு, ஒட்டுகிற வேலை எனக்கு வந்தது. மருந்து ஏற்றி ஏற்றி உன் நாக்குக்கு உப்பும் தெரியவில்லை, சீனியும் தெரியவில்லை. பன்னிரண்டையும் நானே சுடுகிறேன் என்றேன். "எனக்க கட்டத்த நீ தொட்டா மதில் ஏறிக் குதிச்சு வந்துருவேன், கேட்டியா" என்றாய், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி. ஆறையும் சுட்டாய். மறுநாள் காலையில் உன்னால் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. நான் மட்டும் ஷெட்டுக்கு வந்தேன்.

உன் ஓவன் எப்போதும் சற்றுச் சிவக்க வைக்கும். உன் ஆறில் ஒன்பதாம் கட்டத்துத் தட்டு மட்டும் வெளுத்துக் கிடந்தது. ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டேன். பேருக்குக்கூட இனிப்பில்லை.

புதிதாக ஒன்று சுட நேரம் இருந்தது. ஆனால் முட்டை அடிக்கிற பீட்டரைப் போட்டால் சத்தம் கேட்டு, முடியாவிட்டாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நீ எழுந்து வருவாய். வந்தால் தெரிந்துகொள்வாய். உனக்கு இன்னும் கை ஓடுகிறது என்கிற ஒன்றுதான் அப்போது உன்னிடம் மிச்சமிருந்தது. அதை என் கையால் பிடுங்கிவிடுவேனோ என்று பயந்தேன். "அண்ணா, கொஞ்சம் சீனி தாங்க. அவகிட்ட மூச்சு விடாதீங்க" என்றேன் உன் வீட்டுக்காரரிடம். அவர் ஏன் என்று கேட்கவில்லை. பாகு காய்ச்சி, ஈர்க்குச்சியால் தட்டு முழுக்கக் குத்தி, கரண்டி கரண்டியாக ஊற்றினேன். குடிக்கக் குடிக்க ஊற்றினேன்.

பள்ளிக்கூட ஹாலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கேக் வெட்டியதும் என்னைக் கூப்பிட்டாய். "ஒம்பதாம் கட்டத்துல ஒரு துண்டு தா."

நறுக்கிக் கொடுத்தேன். நீ நிதானமாக மென்றாய்.

"நாக்குக்கு ஒண்ணும் தெரியல்ல. ஆனா நல்லா நனச்சிருக்க."

"எதுக்கு நனைக்கணும்?"

"ஒம்பதாவதுக்கு அளந்து வச்ச சீனி அடுக்களையில அப்பிடியே இருந்துது. இப்பம் கெளம்பும்போதுதான் பாத்தேன்." பிறகு சிரித்தாய். தோள் குலுங்கிய அந்தப் பழைய சிரிப்பு. "உனக்க தட்ட நான் எத்தன தடவ நனச்சிருக்கேன், ஓர்ம இருக்கா? எப்பிடி இருக்கும்? நீதான் குளிக்கப் போயிருப்பியே."

"எத்தன தடவ?"

"சவத்த விடு. எல்லாரும் தின்னாச்சுல்லா."

என் பாதிதான் பஞ்சு மாதிரி இருக்கிறது என்று எத்தனை பந்தியில் பீற்றியிருக்கிறேன்! உன் முன்னாலேயே பீற்றியிருக்கிறேன். நீயும் ஆமாம் போட்டிருக்கிறாய். கோபப்பட வாயெடுத்தேன், சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. நீ உன் முந்தானையால் என் மூக்கில் ஒட்டிய கிரீமைத் துடைத்தாய். ஐப்பசி பிறக்கும் முன் நீ போய்விட்டாய்.

இன்று என் ஆறு தட்டின் ஓரத்தையும் கிள்ளித் தின்று பார்த்தேன். நான்கு வறட்டி. உண்மையாகவே வறட்டி, மக்கா. இத்தனை வருஷம் யாரும் சொல்லவில்லை, நீ சொல்லவிடவில்லை. உன்னை அப்படித் தேடுகிறது எனக்கு.

பெரிய உருளியில் பாகு கொதித்துக்கொண்டிருந்தபோது ஆட்டோ வந்து நின்றது. செல்வி தன் ஆறு தட்டையும் இறக்கினாள். மூடியைத் திறந்தேன். இரண்டு நடுவில் வெடித்திருந்தன, ஒன்று செங்கல். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொள்ளாமா?"

ஸ்டேஷன் பக்கம் ரயில் கிளம்பும் சத்தம் கேட்டது. அது போகும்வரை பேசாமல் நின்றேன்.

"நல்லா வந்திருக்கு" என்றேன். "ஒட்டுறது எனக்க வேல. நீ போய்க் குளிச்சிட்டு வா, மக்கா."