ஒரு மனுஷ வாய்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று உங்கள் அண்ணனின் கட்டிலருகே இருந்தவர்கள் நான், உங்கள் அம்மா, எங்கள் சபைப் பாஸ்டர். வேறு யாருமில்லை. டாக்டர் கைவிரித்துவிட்டார்.

"பாவத்தைக் கர்த்தர்கிட்ட நேரா சொல்லுங்க, விசுவாசம் போதும்" என்றேன்.

"விசுவாசம் போதும்னா இத்தனை மருந்து எதுக்குடி?" என்றார் உங்கள் அம்மா.

உங்கள் அண்ணனோ, "கர்த்தர்கிட்ட தினமும் சொல்றேன். மன்னிச்சாச்சுன்னு ஒரு மனுஷ வாய் சொல்லிக் கேக்கணும். ஃபாதரைக் கூப்பிடு" என்றார்.

"எந்தப் பாவம்?" என்றேன். அவர் கண்கள் ஜன்னலுக்கு வெளியே, எங்கள் கல்யாணத்துக்கு முன் அவரே அவசரமாகச் சிமெண்ட் போட்டு மூடிய கிணற்றின்மேல் நின்றன.

இரட்சிப்பு கிருபையால்தான்; அதில் நான் மாறவில்லை. ஆனாலும் நீங்கள் ஃபாதராயிற்றே. அவர் தன் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் கேட்க வாருங்கள். கேட்டதை என்னிடமும் சொல்லிவிடாதீர்கள்.

வருவீர்களா என்று, இதைக் கொண்டுவருபவரிடமே பதில் கொடுத்தனுப்புங்கள்.

அண்ணி