வெறும் மலை

செப்டம்பர் 13, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மேகம் இருக்கிறது, மழை இல்லை. விடியும்போதே எண்ணூர் பக்கமிருந்து அந்த அழுகின முட்டை நாற்றம். துணி காயப்போடவில்லை.

சேகர் துறைமுகத்தில் கன்டெய்னர் இறக்கிவிட்டு வந்து, பல் விளக்குவதற்குள் ஆரம்பித்துவிட்டார். இந்தச் சனி, ஞாயிறு ஏலகிரி. அவருடைய தோஸ்து பாபுவின் வேன் லாக்டவுனிலிருந்து விம்கோ நகர் சந்தில் சும்மா நிற்கிறது. எலி சீட்டைக் கடித்துவிட்டதாம்.

"டீசல் போட்டா போதும்னுட்டான்மே. எவ்ளோ நாளு வூட்டுக்குள்ளயே கெடக்கறது? நல்ல காத்து வாங்கிக்கினு வரலாம்."

"மூக்க மூடிக்கினு நல்ல காத்தா?"

"இங்க மூடிக்கினு இந்த நாத்தத்த இஸ்துக்கினு கீறோம். அங்க மூடிக்கினு அந்தக் காத்த இஸ்போம். இன்னா இப்ப?"

லாரிக்காரருக்கு வாய் ஜாஸ்தி.

எங்கள் தெருவில் யாரும் சும்மா சுற்றிப்பார்க்கப் போவதில்லை. போவார்கள், சொல்ல மாட்டார்கள். நாங்களும் அப்படித்தான். திருத்தணி போகிறோம் என்று சொல்லிக் கிளம்புவோம். ஒரு கும்பிடு, ஒரு மொட்டை (யாருக்காவது), அதற்கப்புறம் ஏலகிரி. திரும்பி வந்ததும் தெரு முழுக்க விபூதிப் பொட்டலம். வாங்கிக்கொள்பவர்களுக்கும் தெரியும். அவர்களும் அப்படித்தான் போகிறார்கள்.

அத்தையிடம் சொன்னோம். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "நீங்க போய்ட்டு வாங்க. தேவி வரக் கூடாது. வருஷம் திரும்பற வரிக்கும் அவ மலை ஏறக் கூடாது."

தேவி சேகரின் தங்கை. அவள் புருஷன் ரவி மே மாதம் கொரோனாவில் போனார். உடம்பைச் சுற்றிக் கட்டித்தான் கொடுத்தார்கள். முகம் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எங்களோடு இருக்கிறாள். கேட்டைத் தாண்டியதில்லை.

அவளை விட்டுவிட்டு நான் போக மாட்டேன். இதை இன்னும் வாயால் சொல்லவில்லை.

செப்டம்பர் 14, செவ்வாய்

காலை ஷிப்ட். கன்டெய்னர் யார்டு கேட்டில் என் வேலை இப்போது இதுதான்: லாரி டிரைவர் நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் மெஷினை நீட்டுவது. துப்பாக்கி மாதிரி இருப்பதால் ஒருத்தர் தினமும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். இன்றும் நின்றார். சிரிக்கவில்லை. சிரித்தாலும் தெரியாது.

டூர் போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஆளாளுக்கு ஒன்று.

சூப்பர்வைசர்: "இந்த நேரத்துல டூராம்மா? உங்கள மாதிரி ஆளுங்களாலதான் மூணாவது அலை வரப் போகுது." இவர் போன வாரம்தான் மகாபலிபுரம் போய்வந்தார். கேட்டால் மனசுக்கு ரிலாக்ஸ் வேண்டுமாம். அவருக்கு மனசு, நமக்கு அலை.

நெல்லூர் டிரைவர்: "நான் தெனம் ரெண்டு ஸ்டேட் சுத்துறேன் மேடம். எவனும் டூர்னு சொல்ல மாட்டேங்குறான்."

கேன்டீன் சாந்தா: "போறதுன்னா இப்பவே போய்க்கினே இரு. நாளைக்கி மறுபடியும் பூட்டிட்டா இன்னா பண்ணுவ? வூட்ட சுத்திக்கினு வருவியா?"

சாந்தா பக்கம்தான் நான்.

சாயங்காலம் வீட்டில் தையல் மெஷின் சத்தம். தேவி ரவிக்கைத் துண்டுகளில் மாஸ்க் தைக்கிறாள். பூப்போட்டது, கட்டம் போட்டது, ஓரத்தில் பைப்பிங் வைத்தது. எங்கேயும் போகாதவளிடம் ஒரு டப்பா நிறைய மாஸ்க். நிவி (என் பெண், ஒன்பதாவது) எடுத்து எடுத்துக் கண்ணாடியில் பார்க்கிறாள். தேவி பார்ப்பதில்லை.

முன்பெல்லாம் வீடே அதிரச் சிரிப்பாள். தெத்துப்பல் தெரியக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், அவ்வளவுதான். ரவி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுப்பார். "பல்லு தெரிஞ்சா இன்னா, எவனாவது புடுங்கிக்கினா போவப்போறான்?" என்பார். நல்ல மனுஷன். இன்னும் எரிச்சலாக இருக்கிறது, இப்படிப் போய்விட்டாரே என்று.

பால் பாக்கெட் இரண்டு. சிலிண்டர் புக் செய்ய வேண்டும்.

செப்டம்பர் 15, புதன்

லேசாகத் தூறல். மானம் போன நாள்.

சேகர் வழக்கம்போலத் தெருவில் சொல்லிவைத்துவிட்டார். சனிக்கிழமை திருத்தணி, வேண்டுதல் பாக்கி இருக்கிறது, அது இது என்று. எதிர்வீட்டு லில்லி அக்கா தண்ணீர்க் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். வைத்தபோதே எனக்குத் தெரியும், வரப்போகிறது என்று.

"சனிக்கெயமயா? வெள்ளி சனி ஞாயிறு கோயிலு மூடிக்கீதே சேகரு. எங்க சர்ச்சே ஞாயித்துக்கெயம தொறக்கல. உங்க முருகரு மட்டும் உங்களுக்காக பின்பக்க கதவ தொறந்து வெச்சிக்கினு கீறாரா?"

தண்ணீர் பிடிக்க நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். கவர்மென்ட் ஆர்டரை யார் யோசித்தார்கள்? வாரத்தில் மூன்று நாள் சாமி இல்லை, மலை, ஏரி, குரங்கு எல்லாம் உண்டு. இத்தனை வருஷம் சாமியை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் ஊர் சுற்றினோம். இந்த வருஷம் சாமி விலகிக்கொண்டார், நாங்கள் பச்சையாக நிற்கிறோம்.

சேகர் வீட்டுக்குள் வந்து, "பேஜாரா பூட்ச்சுமே" என்று உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அத்தை சிரிக்கவில்லை. "கோயிலும் இல்லன்னா, எதுக்குப் போறீங்க?"

"சும்மாதான்" என்றார் சேகர்.

"சும்மாவா?" அந்த வார்த்தையை அத்தை ராத்திரி சாப்பிடும்போதும் ஒரு தடவை சொன்னார், ரசத்தைப் பார்த்துக்கொண்டு.

செப்டம்பர் 16, வியாழன்

மத்தியான ஷிப்ட். போவதற்குமுன் சண்டை.

சொல்லிவிட்டேன். தேவி வராவிட்டால் நானும் வரவில்லை என்று. சேகர் என்னைப் பார்த்தார், அவர் அம்மாவைப் பார்த்தார், செருப்பு மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். பெரிய தைரியசாலி.

அத்தை: "வருஷம் திரும்பல. மலை ஏறக் கூடாதுன்னா ஏறக் கூடாதுதான். உனக்கு இன்னா, நாளைக்கி தெரு அவளத்தான் பேசும். புருசன் போயி இன்னும் ஈரம் காயல, இவ ஊரு சுத்திக்கினு வரான்னு. உன்ன எவ கேக்கப்போறா?"

இதில் பொய் இல்லை. பேசுவார்கள். அத்தைக்குத் தேவி மேல் கோபம் இல்லை, தெருவின் மேல் பயம். ஆனால் அவளை இப்படியே ஜன்னலோரம் விட்டால் இந்த வீட்டில் இன்னொரு ஆள் இல்லாமல் போய்விடும். இதை அத்தையிடம் சொல்லவில்லை.

மெஷின் சத்தம் நின்றது. தேவி திரும்பாமலே பேசினாள்.

"எம்மா. சாமி மலதானே ஏறக் கூடாது?"

அத்தை நிமிர்ந்தார்.

"சாமிதான் கதவ சாத்திக்கினு கீதே. அப்ப அது வெறும் மலைதானே."

நாலு மாதத்தில் இத்தனை சேர்ந்தாற்போல் அவள் பேசி நான் கேட்கவில்லை. அத்தையும்தான். முறத்தை எடுத்தார், கீழே வைத்தார், உள்ளே போனார். திரும்பி வந்தார்.

"மாஸ்க்க கயட்டக் கூடாது. எவளும் மூஞ்சியப் பாக்கக் கூடாது."

"சரிம்மா."

"நம்ம சொந்தக்காரி சுகந்தி அந்த மலைக்கிக் கீழ டவுன்லதான் கீறா, அவ பாத்தான்னு வையி, ஊரு முழுக்க தண்டோராதான். கயட்டவே கூடாது."

"சரிம்மா."

ஷிப்ட்டுக்கு லேட். சூப்பர்வைசர் கத்தினார். காதில் விழவே இல்லை.

செப்டம்பர் 17, வெள்ளி

புரட்டாசி பிறந்துவிட்டது. சேகருக்கு இப்போதுதான் உறைத்தது. "மலைக்கிப் போயும் கறி இல்லாம புளிசாதமா?" ஆமாம், புளிசாதம்தான்.

எடுத்துவைத்தவை: புளிசாதம், தயிர்சாதம், ஊறுகாய், ஸ்வெட்டர் (நாப்தலின் நாற்றம், வெயிலில் போட்டேன், எண்ணூர் நாற்றமும் சேர்ந்துகொண்டது), சானிடைசர், ஊசி போட்ட சர்டிபிகேட் ஜெராக்ஸ், வாந்திக்கு எலுமிச்சம்பழம், கவர்.

தேவியின் பை தனி. எட்டிப்பார்த்தேன். ஒரே ஒரு புடவை. மாஸ்க் மட்டும் அஞ்சாறு.

லில்லி அக்கா வாசலில்: "இன்னா மகேசு, முருகரு போன் பண்ணாரா?" இந்தத் தடவை ஒளிக்கவில்லை. "இல்லக்கா. சும்மா சுத்திப் பாக்கப் போறோம். தேவியும் வரா" என்றேன். அவர் உள்ளே தேவியை எட்டிப் பார்த்தார். பிறகு, "குளுரும், சால்வ கீதா அவகிட்ட?" என்று கேட்டு, தன்னுடையதைக் கொண்டுவந்து கொடுத்தார்.

தெருவைப் பற்றி நாம் போடும் கணக்கு எப்போதும் சரியாக வருவதில்லை.

செப்டம்பர் 18, சனி

விடியலில் கிளம்பினோம். நாங்கள் நாலு பேர், பாபு, பாபு பெண்சாதி. அத்தை கேட் வரை வந்து தேவியின் மாஸ்க்கை மூக்கின் மேல் அழுத்திவிட்டார்.

கொண்டை ஊசி வளைவுகளில் நிவி வாந்தி. மாஸ்க்கைக் கழற்ற நேரமில்லை. மேற்கொண்டு எழுத விருப்பமில்லை.

அதற்கு முன்னால், அடிவாரத்தில் போலீஸ்காரர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். சேகரின் மாஸ்க் தாடையில். "அது இன்னா சார், தாடிக்கா போட்டிருக்கீங்க?" மேலே ஏற்றிக்கொண்டார். வேன் நகர்ந்ததும் இறங்கிவிட்டது.

மேலே நல்ல கூட்டம். எல்லோரும் மாஸ்க்கோடு வந்து, போட்டோவுக்குக் கழற்றி, மறுபடி போட்டுக்கொள்கிறார்கள். பக்கத்தில் ஒரு பெங்களூர்க் குடும்பம். அந்த அம்மா எங்களைப் பார்த்துத் தன் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்னாள். நானும் நிவியை இழுத்துக்கொண்டேன். நோய் எப்போதும் அடுத்த வேனில்தான் வருகிறது.

படகுத்துறை பூட்டியிருந்தது. தண்ணீரைப் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது.

டீக்கடையில் எல்லோரும் மாஸ்க்கை இறக்கினோம். தேவி மட்டும் மரத்துக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்று குடித்தாள். கழற்றக் கூடாது என்ற வாக்கு. இங்கே அவளை யாருக்குத் தெரியும் என்று கோபம் வந்தது.

அப்போதுதான் குரங்கு. சேகரின் ஒரு காதில் மாஸ்க் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து வந்து சடக்கென்று பிடுங்கிக்கொண்டு சுவர் மேல் ஏறி உட்கார்ந்தது. முகர்ந்து பார்த்தது. முகத்தைச் சுளித்துத் தூக்கி எறிந்தது.

"அடப்பாவி" என்றார் பாபு, "பல்லு வெளக்கலியா மாமு?"

பக்கத்தில் ஒரு சத்தம். முதலில் இருமல் என்று நினைத்தேன். இந்தக் காலத்தில் அப்படித்தானே நினைக்க வருகிறது. தேவி. தோள் குலுங்குகிறது. கண்ணில் தண்ணீர். மாஸ்க் உள்ளே போய் வெளியே வருகிறது. அந்த மாஸ்க்குக்கு மேலே, பழைய வழக்கம், கையை வைத்துப் பொத்திக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் கையைப் பிடித்து இழுக்க ஆள் இல்லை. சட்டென்று அது தோன்றி, நான் டீ கிளாஸைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டேன்.

ரூமில் ரஜாய்ப் போர்வை ஈரம். நல்ல குளிர். தேவி படுத்ததும் தூங்கிவிட்டாள். மாஸ்க்கோடு.

செப்டம்பர் 19, ஞாயிறு

பனி. காற்றில் எந்த நாற்றமும் இல்லை, மாஸ்க்குக்குள் நேற்றைய புளிசாத வாசனைதான்.

கிளம்பும்முன் முருகன் கோயில் வழியாக வந்தோம். கதவு சாத்தி, கம்பிக் கேட்டில் பூட்டு. கேட்டுக்கு வெளியே நல்ல கூட்டம். தரையில் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுகிறார்கள். தேவி வேனிலிருந்து இறங்கி, கோயிலுக்குப் போகக் கூடாதவள் என்று தள்ளியே நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எல்லாருமே வெளியதான் நிக்கறாங்க அண்ணி" என்றாள்.

"ஆமா."

அவளும் போய் வெளியே நின்றாள், எல்லோரோடும்.

விபூதி கிடைக்கவில்லை. தெருவுக்குக் கொய்யாப்பழம் வாங்கினோம்.

செப்டம்பர் 20, திங்கள்

பழைய புழுக்கம். நேற்று ராத்திரி வேனிலிருந்து இறங்கியதும் அந்த முட்டை நாற்றம், சேகர் நெஞ்சு நிறைய இழுத்து, "ஹா, வந்துட்டோம்" என்றார்.

ஸ்வெட்டர்கள் துவைக்க வேண்டும். லில்லி அக்கா சால்வை திருப்பிக் கொடுத்தாயிற்று. கொய்யாவை வாங்கிக்கொண்டு, "முருகரு காயாக் குட்த்து உட்டாரா?" என்றார்.

அத்தை நேற்றிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. இன்று மத்தியானம் தேவி குளிக்கப் போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கயட்டனாளா?"

"இல்ல அத்த. தூங்கும்போதுகூட கயட்டல."

"போட்டா எடுத்தீங்களா?"

போனைக் கொடுத்தேன். நிவி எடுத்தவை. ஏரி, வாந்தி எடுத்த இடம், குரங்கு, குரங்கு, குரங்கு. அடுத்ததில் அத்தையின் விரல் நின்றது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"இவ இன்னாத்துக்கு மாஸ்க் மேல கைய வெச்சிக்கினு கீறா? இருமறாளா? சளி கிளி புட்ச்சிக்கிச்சா? ஏமே, அப்பவே சொன்னேன்ல, குளுருல இஸ்துக்கினு போவாதன்னு..."

"அத்த, இருமல. சிரிக்கிறா."

அத்தை போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். போன் திரை அணைந்துவிட்டது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். போனை என்னிடம் நீட்டினார்.

"மறுபடி போட்டுக் குடு."